டீக்கடையில் திறக்காத இணையதளம்

வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு கேரம் கிளப்புக்கு ஒரு இணையதளம் வேண்டியிருந்தது. போட்டி அட்டவணை, யார் ஜெயித்தார்கள் என்ற விவரம், நாலு போட்டோ, அவ்வளவுதான். பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, லினக்ஸும், இணையப் பக்கங்களை அனுப்பும் என்ஜினெக்ஸ் மென்பொருளும் போட்டேன். கேட்பவருக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுக்க இரவு பகலாக விழித்திருக்கும் எந்தக் கணினியும் சர்வர்தான். வீட்டு வைஃபையில் 192.168 என்று தொடங்கும் அதன் எண்ணைத் தட்டியதும் தளம் திறந்தது. தெருமுனை டீக்கடையில் நின்று மொபைல் டேட்டாவில் டொமைன் பெயரைத் தட்டினால் சுற்றிக்கொண்டே இருந்தது.

பெயரில்தான் கோளாறு என்று நினைத்தேன். பெயருக்கு ஒரே வேலை, எண்ணைக் காட்டுவது. போன் கேட்டதும், பெயருக்குரிய எண்ணைத் தேடித்தரும் ரிசால்வர் முதலில் பெயர் வரிசையின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வரிடம் போகிறது. அது டாட் இன் (.in) சர்வரைக் கைகாட்ட, அது நம் டொமைனின் எண்ணைக் குறித்துவைத்திருக்கும் நேம்சர்வரைக் கைகாட்ட, அங்கே இணைய முகவரியான ஐபி எண் கிடைக்கிறது. பால் மொக்கபெட்ரிஸ் 1983-ல் வகுத்த முறை இது. நம் தெருக்களில் கதவிலக்கம் மாறி ‘பழைய எண், புதிய எண்’ என்று எழுதுகிறோமே, வீட்டு இணைப்பின் ஐபியும் அப்படி மாறக்கூடியது. ரவுட்டரை அணைத்துப் போட்டாலே மாறலாம். மாறும்போதெல்லாம் புது எண்ணை நேம்சர்வருக்குச் சொல்ல டைனமிக் டிஎன்எஸ் இருக்கிறது. அதையும் போட்டிருந்தேன். பெயர் சரியான எண்ணைத்தான் காட்டியது.

சிக்கல் வாசலில் இருந்தது. பழைய வகை ஐபி எண்களான ஐபிவி4 எண்கள் 32 பிட் நீளம். மொத்தமே சுமார் 430 கோடி. ஆளுக்கொன்று போதாது. அதனால் வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒண்டுக்குடித்தனம்போல ரவுட்டர் என்ற ஒரே வாசலில் போய்வருகின்றன. உள்ளிருந்து யார் கேட்டார்கள் என்று ரவுட்டர் குறித்துக்கொண்டு, பதில் வந்ததும் அவரிடம் சேர்க்கிறது. கேட்காமலே வெளியிலிருந்து ஒருவர் வந்து நின்றால் எந்தக் குடித்தனத்துக்கு என்று அதற்குத் தெரியாது. இணையதளம் பார்க்க வருபவர்கள் தட்டும் கதவு எண்ணான 443-ஆம் போர்ட்டுக்கு வருபவரை இந்தக் கம்ப்யூட்டரிடம் அனுப்பு என்று நாம் சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைத்தேன். அப்போதும் திறக்கவில்லை.

ரவுட்டரின் வெளிமுகவரியைப் பார்த்தபோதுதான் புரிந்தது. 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையான எண்கள், இணைப்பு தரும் நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் வைப்பதற்காக 2012-ல் ஒதுக்கப்பட்டவை. என் வாசலுக்கு வெளியே இன்னொரு வாசல்! அதன் சாவி நிறுவனத்திடம். காசு கொடுத்து டொமைன் வாங்கும் முன் எல்லோரும் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். இதை யாரும் முதலில் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

கூடுதல் கட்டணத்தில் நிலையான பொது ஐபி கேட்கலாம். புதிய வகையான 128 பிட் ஐபிவி6-ல் எண்ணுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பார்ப்பவரிடமும் அது இருக்க வேண்டும். நான் டனல் வழியை எடுத்தேன். உள்ளிருந்து வெளியே போக இந்த வாசல்கள் பொதுவாகத் தடுப்பதில்லை அல்லவா? வீட்டுக் கம்ப்யூட்டரே வெளியிலுள்ள ஒரு சர்வரை அழைத்து, அந்த இணைப்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது. டொமைன் இப்போது அந்த வெளி சர்வரைக் காட்டுகிறது. வருபவர்கள் அங்கே வந்து, பிடித்துவைத்த இணைப்பு வழியே எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

அன்று சாயந்திரமே டீக்கடையில் அரையிறுதி முடிவு திறந்தது. பிறகு கரண்ட் போனது. கம்ப்யூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்திருந்தேன். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து வையுங்கள்.