பதிவேடா, பதிவகமா?

ஒரு நோயுள்ளவர்களின் விவரத் தொகுப்பைக் குறிக்கும் 'ரெஜிஸ்ட்ரி' என்ற சொல்லைக் கண்டதும் 'நோயாளர் பதிவகம்' என்று எழுதிவிடுவது மருத்துவ மொழிபெயர்ப்பாளர்களிடையே வழக்கமாகிவிட்டது. உயிருக்கே ஆபத்தாகக்கூடிய கடும் ஒவ்வாமை (அனாபிலாக்சிஸ்) நிகழ்வுகளைத் தொகுக்கும் பன்னாட்டு முயற்சிகளைப் பற்றிய கட்டுரைகளிலும் இந்தச் சொல்லே திரும்பத் திரும்ப வருகிறது. இதைப் பிழையான ஆக்கம் என்றே கருதுகிறேன்; 'பதிவேடு' என்பதே பொருந்தும்.

'எழுதிவைக்கப்பட்டவை' எனப் பொருள்படும் இலத்தீனச் சொல்லிலிருந்து வந்தது 'ரெஜிஸ்டர்'. எழுத்துத் தொகுப்பே அதன் முதற்பொருள். அதன் வழிவந்த 'ரெஜிஸ்ட்ரி' அத்தொகுப்பை வைத்திருக்கும் இடத்தையும் பின்னர் குறித்தது.

தமிழில் 'அகம்' என்ற ஈறு நூலகம், மருந்தகம், அச்சகம் என நாம் நடந்து சென்று நுழையும் இடத்தையே பெரிதும் உணர்த்துகிறது. அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பழகியவர் 'நோயாளர் பதிவகம்' என்று படித்தால், ஓ.பி. சீட்டு எழுதித் தரும் சன்னலைத்தான் நினைப்பார். ஆனால் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையை மையமாகக் கொண்டு 2006இல் செருமன் மொழி பேசும் நாடுகளில் தொடங்கி, பின்னர் ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும் விரிந்த கடும் ஒவ்வாமைப் பதிவேட்டுக்கு எந்த நோயாளியும் செல்வதில்லை. பல நாட்டு மருத்துவர்கள் தாம் கண்ட நிகழ்வை, எது தூண்டியது, எந்த அறிகுறிகள் தோன்றின, உயிர்காக்கும் முதல் மருந்தான அட்ரினலின் ஊசி போடப்பட்டதா என்ற ஒரே வினாநிரலின்படி இணையவழி பதிகிறார்கள். ஒரே மருத்துவமனையில் இத்தகைய நிகழ்வுகள் போதிய அளவில் சேர்வதில்லை என்பதால்தான் இந்த ஏற்பாடு. சிறுவர்களிடம் உணவும், பெரியவர்களிடம் குளவி, தேனீ போன்றவை கொட்டுதலும், மருந்துகளும் முதன்மைத் தூண்டிகள் என்பதும், அட்ரினலின் தர வேண்டிய பலருக்கு அது தரப்படவில்லை என்பதும் இவ்வாறு ஒன்றுசேர்த்த பதிவுகளிலிருந்து புலப்பட்டவை.

ஏடு என்றால் ஓலையும் தாளும்தானே, கணினித் தொகுப்புக்கு அது பொருந்துமா என்று கேட்பார்கள். நாளேட்டைக் கைப்பேசியில் படிக்கும் நமக்கு இந்தத் தயக்கம் தேவையில்லை. வருகைப் பதிவேடும் பிறப்பு இறப்புப் பதிவேடும் கணினிக்கு மாறிய பின்னும் அப்பெயர்களையே தாங்கியிருக்கின்றன. சென்னையில் 1980களின் தொடக்கத்திலிருந்து நடந்துவரும் புற்றுநோய்த் தொகுப்பையும் 'புற்றுநோய்ப் பதிவேடு' என்றே சொல்கிறோம். வழக்கில் ஊன்றிய சொல் கையருகே இருக்கையில் புதிதாக ஒன்றைப் புனைவது மொழிக்குச் செய்யும் தொண்டு ஆகாது.

முன்னொட்டிலும் கவனம் வேண்டும். 'ஒவ்வாமைப் பதிவேடு' என்று சுருக்கினால், தோலில் தடிப்பு மட்டும் தோன்றிய நிகழ்வுகளும் அதில் அடங்கும் என்று தோன்றும். ஐரோப்பியப் பதிவேடோ மூச்சையோ இரத்த ஓட்டத்தையோ தாக்கிய நிகழ்வுகளைத் தேடிச் சேர்ப்பது. 'அனாபிலாக்சிஸ்' என்பதைக் 'காப்பின்மை' என்று பெயர்ப்பது இதனினும் தவறு. 1902இல் அச்சொல்லை ஆக்கிய ரிஷேயும் போர்த்தியேயும், நஞ்சுக்கு எதிரான காப்பு குலைந்துபோனதாகக் கருதினார்கள். உண்மையில் அது உடலின் காப்பமைப்பு மட்டுமீறிக் கிளர்வதால் நேர்வது. 'காப்பின்மை' என்று எழுதுவோர், 'காப்புக்கு எதிரானது' எனப் பொருள்தரும் கிரேக்க வேரைப் பெயர்த்து நோயின் இயல்பைக் கோட்டைவிடுகிறார்கள். 'கடும் ஒவ்வாமைப் பதிவேடு' என்பதே தெளிவானது.

தம் விவரங்களைச் சேர்க்க இசைவு கேட்கும் படிவம் தமிழில் நோயாளியிடம் நீட்டப்படும்போது, தாம் ஓர் அலுவலகத்துக்கு வரச் சம்மதிக்கிறோமா, தம் பெயர் மறைத்த குறிப்பு ஓர் ஏட்டில் ஏறச் சம்மதிக்கிறோமா என்பது அவருக்கு விளங்கிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.