நைட்ரைட்டும் ரத்தசோகையும்: நீலம் தெரியாத ஆபத்து

நாம் இழுக்கும் ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு. அது ஃபெரஸ் நிலையில் இருந்தால்தான் சுமக்கும். நைட்ரைட் என்னும் வேதிப்பொருள் ரத்தத்தில் கலந்தால் அந்த இரும்பை, ஒரு எலக்ட்ரானை இழந்த ஃபெரிக் நிலைக்கு மாற்றிவிடுகிறது. இப்படிக் கெட்டுப்போன ஹீமோகுளோபினுக்கு மெத்தீமோகுளோபின் என்று பெயர். அதில் ஆக்ஸிஜன் ஒட்டாது. போதாக்குறைக்கு, ஒரு மூலக்கூறிலுள்ள நான்கு இரும்பில் ஒன்று மாறினாலே மற்றவை தாம் பிடித்த ஆக்ஸிஜனைத் திசுக்களுக்கு எளிதில் விடாது.

இயல்பாகவே நம் ஹீமோகுளோபினில் 1 சதவீதம் அளவுக்கு மெத்தீமோகுளோபின் இருக்கும். சிவப்பணுவிலுள்ள ஒரு நொதி அதை ஓயாமல் பழைய நிலைக்குத் திருப்பிக்கொண்டிருக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் அந்த நொதியின் வேகம் குறைவு. அவர்கள் வயிற்றில் அமிலமும் குறைவு என்பதால், அங்கே வளரும் பாக்டீரியா தண்ணீரிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பண்ணைக் கிணற்று நீரில் கரைத்த பால் குடித்த குழந்தைகள் நீலம் பாரித்ததற்கு இதுவே காரணம் என்று 1945-இல் ஹன்ட்டர் காம்லி என்ற மருத்துவர் எழுதினார்.

ரத்தசோகை உள்ளவர்களிடம் இது இன்னும் மோசம். மெத்தீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம் சேர்ந்தால்தான் உதடும் நகமும் நீலமாகும். ஹீமோகுளோபின் 15 கிராம் உள்ளவரிடம் அது வெறும் 10 சதவீதம். உடனே கண்ணில் படும். 8 கிராம் உள்ளவரிடம் கிட்டத்தட்ட 19 சதவீதம். நீலம் தெரிவதற்குள், வேலை செய்யும் ஹீமோகுளோபின் 6.5 கிராமுக்கு இறங்கியிருக்கும். மூச்சிரைப்பு, தலைவலி, படபடப்பு எல்லாவற்றையும் பழைய சோகையின் கணக்கில் எழுதிவிட வாய்ப்பு அதிகம்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நம்பவும் முடியாது. மெத்தீமோகுளோபின் ஏற ஏற அது 85 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிடும். ஆக்ஸிஜன் வைத்தாலும் அசையாது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பார்த்தால், சாதாரண ரத்தம் காற்றுப் பட்டுச் சிவக்கும். இது சாக்லேட் நிறத்திலேயே இருக்கும். எவ்வளவு என்று சரியாகச் சொல்வது, ரத்த மாதிரியில் ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியே அளக்கும் கோ-ஆக்ஸிமீட்டர் கருவிதான்.

மருந்து மெத்திலீன் புளூ: கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், சிரை வழியாக, ஐந்து நிமிடத்தில். ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கு இது சிவப்பணுக்களையே உடைக்கக்கூடும். சோகைக்கு மேல் சோகை. ஆகவே அந்தக் குறைபாடு உண்டா என்று மருத்துவர் முதலில் விசாரித்தே ஆகவேண்டும்.

குடிநீரில் நைட்ரேட்டுக்கு இந்திய வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது. 40 மில்லிகிராம் உள்ள ஒரு லிட்டர் நீர் 700 மில்லியாகச் சுண்டினால் லிட்டருக்கு 57 ஆகிவிடும். மெழுகுவத்தி வடிவ (கேண்டில்) வடிகட்டியும் இதைப் பிடிக்காது, ஆர்.ஓ. பெருமளவு குறைக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் பால் பவுடர் கரைக்கும் வீடுகள் அந்த நீரை ஒருமுறையாவது பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும்.