செவர்ன் கரையில் வீடு: எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

செவர்ன் ஆறு வேல்ஸின் பும்லுமோன் மலையில் பிறந்து, நியூடவுன், வெல்ஷ்பூல் தாண்டி இங்கிலாந்துக்குள் நுழைகிறது. மேலே கொட்டும் மழைதான் கீழே ஷ்ரூஸ்பரியில் வெள்ளமாக வந்து நிற்கும். ஆனால் கரையோரம் கட்ட எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது என்பது, உங்கள் மனை இங்கிலாந்து-வேல்ஸ் எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இங்கிலாந்துப் பக்கம் என்றால் என்விரான்மென்ட் ஏஜென்சி என்ற சுற்றுச்சூழல் முகமை. வேல்ஸ் என்றால், 2013 ஏப்ரல் முதல் நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ். வெள்ள எச்சரிக்கை விடுவதும் அவர்கள்தான். பெரிய ஆற்றங்கரையிலிருந்து 8 மீட்டருக்குள் (கடல் ஏற்றம் எட்டும் பகுதியானால் 16) சுவரோ கொட்டகையோ எழுப்ப, பொதுவாக அவர்களுடைய அனுமதி வேண்டும். இந்த அளவு இரு பக்கமும் ஒன்றே.

வீடு கட்டுகிறவர்கள் தடுமாறுவது வேறிடத்தில். 2010-ஆம் ஆண்டின் வெள்ள, நீர் மேலாண்மைச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் பொது. அதன் 3-ஆம் அட்டவணை, மழைநீரை மனையிலேயே தேக்கி மெதுவாக வெளியே விடும் வடிகால் அமைப்பைக் கட்டாயமாக்குகிறது. வேல்ஸ் இதை 2019 ஜனவரி 7 முதல் நடைமுறைப்படுத்திவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட வீடு கட்டினாலோ, கட்டுமானப் பரப்பு 100 சதுர மீட்டரை எட்டினாலோ, கடைக்கால் தோண்டுமுன் உள்ளூர் கவுன்சிலிடம் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். கட்டட அனுமதி கையில் இருந்தாலும் இது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் வேலை நின்றுபோகும். இங்கிலாந்திலோ அதே அட்டவணை இன்னும் ஏட்டில்தான். 2024-இல் கொண்டுவருவோம் என்று 2023-இல் அறிவித்தார்கள், வரவில்லை. ஒரே மழைக்கு ஒரே சட்டத்தில் இரண்டு நியாயம்!

ஸ்காட்லாந்துக்கு 2009-இலேயே தனி வெள்ளச் சட்டம் உண்டு. அங்கே பொறுப்பு சீபா எனப்படும் சுற்றுச்சூழல் முகமைக்கும் கவுன்சில்களுக்கும். ட்வீட் ஆறு ஸ்காட்லாந்தில் ஓடி, இங்கிலாந்தின் பெரிக்கில் கடலில் சேர்வதால், அந்த வடிநிலத் திட்டத்தை இரு நாட்டு முகமைகளும் சேர்ந்து போடுகின்றன.

குழாய்த் தண்ணீரின் கணக்கு வேறு. இங்கிலாந்தின் ஹெரஃபோர்டில் இருந்தாலும் பில் அனுப்புவது வேல்ஸின் டூர் கம்ரி நிறுவனம்.

எல்லை பார்க்காதது காப்பீடு. வெள்ள அபாயமுள்ள வீடுகளுக்குக் கட்டுபடியாகும் காப்பீடு கிடைக்க 2016-இல் தொடங்கிய ஃப்ளட் ரீ திட்டம் பிரிட்டன் முழுவதற்கும் உண்டு. ஆனால் 2009 ஜனவரி 1-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு மட்டும்தான். அதற்குப் பின் கட்டிய வீட்டை வாங்குகிறவர்கள், முன்பணம் கொடுக்குமுன் காப்பீட்டுக் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.