வரம்புறு கூறு

கட்டமைப்புகளைக் கணினியில் சிறு துண்டுகளாக்கிக் கணக்கிடும் முறையில் வரும் 'ஃபைனைட் எலிமென்ட்' என்பதை 'முடிவுறு கூறு' என்றும் 'வரம்புறு கூறு' என்றும் தமிழாக்கலாம். இரண்டில் பின்னதே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கான்கிரீட் உத்திரத்தில் சுமை ஏறும்போது ஒவ்வொரு புள்ளியிலும் எழும் தகைவை, அதாவது ஓரலகுப் பரப்பில் செயல்படும் உள்விசையை, ஒரே சமன்பாட்டில் தீர்த்துவிட முடியாது. எனவே கணினியில் உத்திரத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கிறோம். அண்டைத் துண்டுகள் கணுக்களில் இணைகின்றன. கணுக்களின் இடப்பெயர்ச்சி தெரிந்தால் துண்டுக்குள் நடப்பதைக் கணக்கிடலாம். அந்தத் துண்டே கூறு.

1943-இல் ரிச்சர்ட் கூரன்ட் முக்கோணத் துண்டுகளைக் கொண்டு முறுக்கக் கணக்கு ஒன்றைத் தீர்த்தார். விமானக் கட்டமைப்புக்காக டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் எழுதிய கட்டுரை 1956-இல் வந்தது. பெயர் பிறந்தது அதற்கும் பிறகு, 1960-இல் ரே கிளஃப் எழுதிய கட்டுரையில்தான். 1967-இலேயே இங்கோவும் ஸ்கோர்டெலிஸும் இம்முறையைக் கம்பியிட்ட கான்கிரீட் உத்திரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஃபைனைட் என்பதன் வேர், எல்லை, முடிவு இரண்டையும் குறிக்கும் 'ஃபினிஸ்' என்ற லத்தீன் சொல். கணிதத்தில் அதன் எதிர்ச்சொல் பெரும்பாலும் முடிவிலி. இங்கே எதிர்நிலை அதுவன்று. நுண்கணிதத்தில் துண்டின் அளவைச் சுழியத்தை நோக்கிச் சுருக்குவோம்; இம்முறையில் துண்டுக்கு மில்லிமீட்டரில் சொல்லத்தக்க அளவு உண்டு. 'முடிவுறு' என்றால் முடிந்துபோகிற என்ற பொருள் தொனிக்கிறது. வரம்போ வயலின் வரப்பு; வரப்பிட்ட பாத்திகளைப் போலவே உத்திரமும் கூறுபடுகிறது.

இந்த 'அளவுள்ள' என்ற பொருளை மறந்தால் கணக்கே தவறும். கான்கிரீட்டில் விரிசல் விழுந்ததும் சிதைவு ஒரு வரிசைக் கூறுகளுக்குள் ஒடுங்குகிறது. கூறு சிறுத்தால் அந்த வரிசையின் பருமனும், அது உட்கொள்ளும் ஆற்றலும் குறையும். கூறுகள் சேர்ந்த வலையை நுணுக்க நுணுக்க, கணினியில் உத்திரம் மேலும் மேலும் நொறுங்கும் தன்மை காட்டும். உண்மை உத்திரத்துக்கு அதில் பங்கே இல்லை. பசான்ட்டும் ஓவும் 1983-இல் காட்டிய தீர்வு, விரிசல் திறக்கச் செலவாகும் ஆற்றலைக் கூறின் அகலத்தோடு பிணைப்பது. கூறின் அளவைச் சொல்லாத எந்தக் கணினி மாதிரியையும் நான் நம்புவதில்லை.

பழைய உத்திரத்தின் அடியில் கார்பன் இழைத் தகடு ஒட்டி வலுப்படுத்தும்போது இன்னொரு சொற்சிக்கலும் சேர்கிறது. வார்க்கும்போதே கம்பி வைப்பது 'வலுவூட்டல்', பின்னாளில் தகடு ஒட்டுவது 'வலுப்படுத்தல்' எனப் பிரித்து ஆள்வது நல்லது. இல்லையேல் 'வலுவூட்டிய உத்திரத்தின் வலுவூட்டல்' என்று எழுத வேண்டிவரும்.

மாதிரியில் கான்கிரீட்டுக்குத் திண்மக் கூறு, கம்பிக்குக் கோல் கூறு, தகட்டுக்கு ஓட்டுக் கூறு (ஷெல்) என ஆள்வது வழக்கம். எப்பாக்சி பசை ஒட்டிய தளத்துக்கு இடைமுகக் கூறு. அதன் தடிமனைச் சுழியமாகவே வைக்கலாம். ஆயினும் பரப்பளவு உண்டு, ஆகவே அதுவும் வரம்புறு கூறே. கான்கிரீட்டின்மேல் தகடு நழுவுவது கூடும்போது அதன் வெட்டுத் தகைவு உச்சம் தொட்டு, பிறகு சரிந்து இல்லாமல் போகும். விரிசல் அருகிலிருந்தோ தகட்டின் முனையிலிருந்தோ தகடு உரிந்து வருவதை இந்தக் கூறுதான் காட்டும். இதை விட்டுவிட்டு தகடு சற்றும் நழுவாத முழுப் பற்று என்று கொண்டால், உரிந்து தோற்கும் உத்திரமும் தாங்காத சுமையைத் தாங்குவதாகக் கணினி சொல்லிவிடும்.