நிரம்பிய நோடும் மூன்று கணக்குகளும்

ஸ்டோர்ஜ் என்னும் சேமிப்பு நெட்வொர்க்குக்கு இடம் கொடுக்கும் கம்ப்யூட்டரின், அதாவது நோடின், டாஷ்போர்டில், உள்ளே வரும் தரவைக் காட்டும் கோடு ஒருநாள் தரையோடு படுத்துவிடும். நேற்று வரை சில ஜிபி ஏறிக்கொண்டிருந்தது, இன்று பூஜ்யம். புதிதாக நோடு நடத்துபவர்கள் பதறுவது இந்த இடத்தில்தான். இணைப்பு அறுந்ததா, போர்ட் மூடிக்கொண்டதா, நெட்வொர்க் நம்மை ஒதுக்கிவிட்டதா என்று ரூட்டரை நோண்ட ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போயிருக்காது. ஹார்ட் டிஸ்க் நிரம்பியிருக்கும், அவ்வளவுதான்.

ஸ்டோர்ஜ் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர்கள் கொடுக்கும் கோப்புகளை, உலகம் முழுக்கத் தனியாட்கள் ஓடவிட்டிருக்கும் கம்ப்யூட்டர்களின் காலி இடத்தில் பிரித்து வைக்கும் சேமிப்பு முறை இது. அப்படி இடம் கொடுக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு நோடு. எந்தத் துண்டு எந்த நோடில் இருக்கிறது என்று குறித்துவைப்பது, அது பத்திரமாக இருக்கிறதா என்று அவ்வப்போது சோதிப்பது, மாதம் பிறந்தால் பணம் கணக்கிடுவது எல்லாம் ‘சாட்டிலைட்’ என்று அழைக்கப்படும் சர்வர்களின் வேலை. பெயர்தான் சாட்டிலைட், இருப்பது தரையில்தான்.

ஒரு வீடியோவை ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுபவரின் பக்கத்திலேயே அது பூட்டப்பட்டு, அதிகபட்சம் 64 எம்பி கொண்ட பகுதிகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு பகுதியும் 1960-ல் இர்விங் ரீடும் குஸ்தாவ் சாலமனும் வெளியிட்ட கணிதத்தின்படி துண்டுகளாகப் பெருக்கப்படுகிறது. நெட்வொர்க்கில் நெடுங்காலம் வழக்கமாக இருந்த அமைப்பின்படி 80 துண்டுகள் 80 நோடுகளில் போய்ச் சேரும். அவற்றில் எந்த 29 கிடைத்தாலும் பகுதி முழுதாகத் திரும்பிவிடும். ஒரு துண்டு சுமார் 2.3 எம்பி. ஏற்றும்போது 80-க்கும் அதிகமான நோடுகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பத் தொடங்கி, முதலில் முடிக்கும் 80 பேரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மெதுவான டிஸ்க் வைத்திருப்பவருக்குப் பாதி எழுதிய துண்டுதான் மிஞ்சும், அதையும் அழித்துவிட வேண்டும்.

இந்த அமைப்பில் ஒரு நோடு நிரம்புவது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. காலி இடம் சுமார் 5 ஜிபிக்குக் கீழே போனதும் நோடு சாட்டிலைட்டுக்குச் சொல்லிவிடும். அடுத்த துண்டுக்கு ஆள் தேடும்போது சாட்டிலைட் அந்த நோடைத் தாண்டிப் போய்விடும். ஏற்கெனவே இருக்கும் துண்டுகளைக் கேட்பவருக்குக் கொடுப்பது, சோதனைக்குப் பதில் சொல்வது எல்லாம் வழக்கம்போல நடக்கும். பணம் என்று பார்த்தால், நோடு தன் முழுச் சம்பளத்தை வாங்குவதே நிரம்பிய பிறகுதான். 2023 கடைசியில் வந்த விகிதப்படி ஒரு டெராபைட்டை ஒரு மாதம் வைத்திருக்க 1.50 டாலர். 3.6 டெராபைட் நிறைந்திருந்தால் மாதம் 5.40 டாலர், துண்டுகளை வெளியே அனுப்புவதற்குக் கிடைக்கும் சிறு தொகை தனி.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘எவ்வளவு நிறைந்திருக்கிறது?’ என்ற கேள்விக்கு மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். சாட்டிலைட்டின் பேரேட்டில் ஒரு எண், நோடு மென்பொருளின் கணக்கில் ஒரு எண், டிஸ்க்கில் உண்மையாகவே பிடித்திருக்கும் இடம் இன்னொரு எண். நிரம்பிய நோடைப் பராமரிப்பது என்றால் இந்த மூன்றும் வெகுதூரம் விலகிப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான்.

முதலில் டிஸ்க். வாடிக்கையாளர் ஏற்றியது 100 கேபி படம் என்றால், அதிலிருந்து வரும் ஒரு துண்டு தலைப்புத் தகவலோடு சேர்ந்து ஏறக்குறைய 4 கேபிதான். டிஸ்க்கோ இடத்தைக் கட்டம் கட்டமாகத்தான் கொடுக்கும். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் ஒரு கட்டம் வழக்கமாக 4 கேபி, அதனால் வீண் குறைவு. அதே டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்திருந்தால் பெரிய டிஸ்க்குகளில் ஒரு கட்டம் 128 கேபி. 4 கேபி துண்டு அதில் போய் உட்கார்ந்தால் மீதி 124 கேபி யாருக்கும் ஆகாது. லட்சக்கணக்கில் இப்படிச் சேர்ந்தால், நோடு “இன்னும் இடம் இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் கையை விரித்துவிடும். கடையில் வாங்கிய வெளி டிஸ்க்கை அப்படியே செருகி நோடு தொடங்குபவர்கள் தயவுசெய்து இதை முதலில் பாருங்கள். நிறைந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. டிஸ்க்கின் அளவில் பத்தில் ஒரு பங்கை நோடுக்குக் கொடுக்காமல் விட்டுவையுங்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

அடுத்தது சாட்டிலைட்டுக்கும் நோடுக்கும் இடையே உள்ள இடைவெளி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வாடிக்கையாளர் ஒரு கோப்பை அழித்தால் சாட்டிலைட் தன் பேரேட்டில் அடித்துவிடும், அந்த நொடியிலிருந்து பணமும் நின்றுவிடும். துண்டு மட்டும் நோடில் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு அழிப்பையும் 80 நோடுகளுக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் சாட்டிலைட்டுக்கு வேறு வேலை ஓடாது. அதனால் அவ்வப்போது ஒருமுறை, ‘இவற்றை வைத்துக்கொள், மற்றதெல்லாம் குப்பை’ என்று மொத்தமாக ஒரு பட்டியல் அனுப்பும்.

அந்தப் பட்டியலைப் பெயர் பெயராக எழுதி அனுப்ப முடியாது. ஒரு துண்டின் அடையாளம் 32 பைட். ஒரு கோடித் துண்டு என்றால் 320 எம்பி ஆகிவிடும். இதற்குக் கைகொடுப்பது 1970-ல் பர்ட்டன் ப்ளூம் கண்டுபிடித்த வடிகட்டி. காலிக் கட்டங்கள் நிறைந்த நீண்ட பலகை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வைத்திருக்க வேண்டிய ஒவ்வொரு துண்டின் அடையாளத்தையும் சில கணக்குகளில் போட்டால் சில கட்ட எண்கள் கிடைக்கும். அந்தக் கட்டங்களில் புள்ளி வைக்க வேண்டும். பலகையை மட்டும் நோடுக்கு அனுப்பினால் போதும். நோடு தன்னிடம் இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். அதற்குரிய கட்டங்களில் ஏதாவது ஒன்றில் மட்டும் புள்ளி இல்லாவிட்டாலும் அது பட்டியலில் இல்லவே இல்லை, குப்பைதான். எல்லாவற்றிலும் புள்ளி இருந்தால் பட்டியலில் இருக்கலாம், அல்லது மற்றத் துண்டுகள் வைத்த புள்ளிகள் தற்செயலாக அங்கே விழுந்திருக்கலாம். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அதை விட்டுவிட வேண்டியதுதான்.

பத்துக் குப்பையில் ஒன்று தப்பிக்கும் என்று ஏற்றுக்கொண்டால், ஒரு கோடித் துண்டுகளுக்கான பலகை வெறும் 6 எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. வடிகட்டி தவறலாம், ஆனால் ஒரு பக்கமாக மட்டுமே தவறும். குப்பை தங்கிவிடலாம், யாரோ ஒருவருடைய துண்டு தவறிக் குப்பைக்குப் போகாது. அடுத்த முறை கணக்கின் தொடக்க எண்ணை மாற்றிவிடுகிறார்கள், அதனால் இந்த முறை தப்பியதில் பத்தில் ஒன்பது அடுத்த முறை மாட்டிக்கொள்ளும். நோடுகள் பெருத்த காலத்தில், பலகையின் அளவுக்கு இருந்த உச்சவரம்பு போதாமல் புள்ளிகள் நெருக்கியடித்து, பெரிய நோடுகளில் குப்பை தேங்கியது. பிறகு அந்த வரம்பைக் கூட்டினார்கள்.

பிடிபட்ட துண்டும் உடனே அழிவதில்லை. குப்பைத் தொட்டியில் 7 நாள் இருக்கும், சாட்டிலைட் பக்கம் தவறு நேர்ந்திருந்தால் மீட்பதற்கு. அந்த ஏழு நாளும் இடம் நம்முடையது, வாடகை கிடையாது. நிரம்பிய நோடின் சொந்தக்காரர் “4 டெராபைட் இருக்கிறது, 3.4-க்குத்தான் பணம் வருகிறது” என்று குழம்பினால், வித்தியாசத்தை முதலில் தேட வேண்டியது தொட்டியிலும், இன்னும் வடிகட்டியில் சிக்காத குப்பையிலும்தான்.

மூன்றாவது, நோடு தன்னைத்தானே எண்ணிக்கொள்வது. கோப்பு கோப்பாக வைக்கும் பழைய முறையில், நோடு தொடங்கும்போது ஒவ்வொரு துண்டாக நடந்து பார்த்து அளவைக் கூட்டும். பல லட்சம் சிறு கோப்புகள் இருக்கும் மெதுவான டிஸ்க்கில் இது நாள் கணக்கில் ஓடும். பொறுமையிழந்து நடுவில் நோடை அணைத்தால் கூட்டல் பாதியில் நிற்கும், எண் பிசகும். உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டினால் வருமானம்தான் கொஞ்சம் குறையும். குறைவாகக் காட்டினால் ஆபத்து. டிஸ்க் உண்மையிலேயே கடைசி பைட் வரை நிறைந்துவிட்டால், நோடின் சின்னச் சின்ன டேட்டாபேஸ்களுக்கு எழுத இடமிருக்காது, அவை சிதையலாம்.

புதிதாக வந்த முறையில் துண்டுகளைத் தனிக் கோப்புகளாக வைக்காமல் பெரிய கோப்புகளில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார்கள், எது எங்கே என்று ஒரு அட்டவணை சொல்லும். எண்ணுவது சுலபமாகிவிட்டது. பதிலுக்கு, அழிப்பதற்கே இடம் தேவைப்படுகிறது: பெரிய கோப்பில் செத்த துண்டுகள் சேர்ந்ததும் உயிரோடு இருப்பவற்றைப் புதுக் கோப்பில் எழுதிவிட்டுத்தான் பழையதை நீக்க முடியும். நோடுக்குக் கொடுக்காமல் விட்டுவைத்த அந்தப் பத்தில் ஒரு பங்கு இங்கேயும் காப்பாற்றும்.

சரி, நிறைந்துவிட்டது, இனி? நோடுக்குக் கொடுத்த அளவைக் குறைத்தால் உடனே இடம் விடுபடாது. புது வரவு நிற்கும், வாடிக்கையாளர்கள் அழிக்க அழிக்கத்தான் அளவு இறங்கும். பெரிய டிஸ்க்குக்கு மாறலாம்: நோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்சிங்க் என்னும் நகலெடுக்கும் மென்பொருளைக் கொண்டு இரண்டு மூன்று முறை நகலெடுத்து, கடைசிச் சுற்றுக்கு மட்டும் நிறுத்திக்கொள்வது வழக்கம். அதைவிட எளிது, இன்னொரு டிஸ்க்கில் இரண்டாவது நோடு தொடங்குவது.

அதைச் சீக்கிரமே தொடங்கினால் லாபமில்லை. ஐபி முகவரியின் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்கும் நோடுகளை சாட்டிலைட் ஒரே வீடாகத்தான் பார்க்கும்; ஒரு கோப்பின் ஒரு பகுதிக்கு அந்த வீட்டில் ஒரு துண்டுதான். தெருவில் மின்சாரம் போனால் ஒரே ஒரு துண்டுதான் மறையவேண்டும் என்பது இதன் நியாயம். இரண்டு நோடு இருந்தால் வரவு இரண்டாகப் பிரியுமே தவிர அதிகமாகாது. ரொம்பத் தாமதித்தாலும் நஷ்டம்: புது நோடு ஒவ்வொரு சாட்டிலைட்டிடமும் 100 சோதனைகளில் தேறும் வரை அதற்குக் கொஞ்சமே வரும். ஆகவே முதல் டிஸ்க்கில் இன்னும் சில மாதங்களுக்கு இடம் இருக்கும்போதே இரண்டாவதைத் தொடங்கிவிடுவது நல்லது. பழையது நிறையும் நேரத்தில் புதியது தேறி நிற்கும்.

பழையதை அப்படியே ஓடவிடுங்கள். யாரோ ஒருவர் பழைய பேக்கப்பை அழிப்பார். வடிகட்டி வரும், தொட்டி நிறையும், ஏழாம் நாள் காலியாகும். தரையோடு கிடந்த அந்தக் கோடு சட்டென்று எழும்பி, விடுபட்ட 40 ஜிபியையும் ஓரிரு வாரத்தில் நிரப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.