பர்ஸ்ட் காப்பி வாட்ச்: கொடுத்த காசு எங்கே போகிறது?

இன்ஸ்டாகிராமில் ஒரு ரோலக்ஸ் சப்மரைனர் 1,800 ரூபாய்க்கு வருகிறது. அதே முகம், அதே பச்சைப் பெட்டி, இன்னொருவரிடம் 6,000. மூன்றாமவர் 55,000 சொல்லிவிட்டு, "இது மாஸ்டர் குவாலிட்டி, ஷோரூம்லயே கண்டுபிடிக்க முடியாது" என்கிறார். வாங்க வருபவர் மனதில் ஓடும் கணக்கு எளிது. விலை கூடினால் தரமும் கூடும், நடுவில் இருப்பதை எடுத்தால் நஷ்டமில்லை. வேட்டி, மிக்ஸி, செருப்பு எதற்கும் இந்தக் கணக்கு ஓரளவு சரிவரும். போலி வாட்சுக்குச் சரிவராது. பின்மூடியைத் திறந்து பார்த்தால் காரணம் புரியும்.

முதலில் அந்தப் பெயர்கள். 'பர்ஸ்ட் காப்பி', '7ஏ', 'ஏஏஏ', 'மாஸ்டர் காப்பி', 'சூப்பர் குளோன்' எதற்கும் வரையறை கிடையாது. நகைக்கு 916 என்று ஹால்மார்க் இருப்பதுபோல இங்கே தரம் பார்த்து முத்திரை குத்துபவர் யாரும் இல்லை. ஒரு கடையில் ஏஏஏ என்று தந்த அதே சரக்கு, பக்கத்துக் கடையில் 7ஏ ஆகிவிடும். விலையைத் தீர்மானிப்பது பெட்டி, போட்டோ, எத்தனை கை மாறி வந்தது, வாங்குபவருக்கு எவ்வளவு தெரியும் என்பவைதான்.

5,000 ரூபாய் வாக்கில் விற்கும் 'ஆட்டோமேட்டிக்' (கை அசைவில் தானே சாவி ஏறும்) போலி ஒன்றைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது டிஜி 2813 என்ற சீன மெஷின். சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8215 மெஷினின் அமைப்பை ஒட்டிச் செய்தது. 21 ஜூவல் (உராய்வைக் குறைக்கும் சிறு கற்கள்), மணிக்கு 21,600 துடிப்பு. தனி மெஷினாக வாங்கினால் ஆயிரம் ரூபாய் சுற்றளவில் முடிந்துவிடும். இதில் ரோட்டார், அதாவது கை அசைவில் சுழலும் எடைத் தகடு, ஒரு திசையில் சுழலும்போதுதான் சாவி ஏறும். மறுதிசையில் சும்மா ஓடும். கையை உதறினால் உள்ளே பம்பரம் விட்டதுபோல அதிர்வதற்குக் காரணம் அதுதான். விநாடி முள் நேரடிச் சக்கர வரிசையில் இல்லாமல் பக்கத்துச் சக்கரத்திலிருந்து இழுக்கப்படுவதால் அவ்வப்போது தயங்கித் துள்ளும். தேதி காட்டும் இப்போதைய அசல் சப்மரைனரில் உள்ள 3235 மெஷின் மணிக்கு 28,800 துடிப்பு. 70 மணி நேரம் சாவி நிற்கும்.

மெஷினைவிடக் கவலை தருவது அதைப் பொருத்தியிருக்கும் விதம். நல்ல வாட்சில் டயலுக்கு அடியில் இரண்டு கால் இருக்கும். அவை மெஷினில் உள்ள துளைகளில் இறங்கி உட்காரும். போலியில் டயல் ஒரு இடத்தில் அச்சாகி, மெஷின் வேறொரு இடத்திலிருந்து வருகிறது. கால்களின் இடம் பொருந்தாவிட்டால் வெட்டி எறிந்துவிட்டு இருபக்கப் பசை ஸ்டிக்கரில் ஒட்டிவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் பைக் ஓட்டும் கையில் அந்தப் பசை இளகும். டயல் ஒரு மயிரிழை திரும்பும். தேதி ஜன்னலில் பாதி எண் மட்டும் தெரியும். பிறகு முள் உரசி நிற்கும். 'மெஷின் போயிடுச்சு' என்று பழுதுபார்க்க வருபவற்றில் இப்படி டயல் நகர்ந்தவையும் உண்டு. மெஷினைச் சுற்றி இறுக்கிப் பிடிக்க வேண்டிய வளையம் மெல்லிய பிளாஸ்டிக். திருகி மூடும் சாவிக் குமிழின் மரை மிருதுவான உலோகத்தில் வெட்டியது. சில மாதங்களில் தேய்ந்து வழுக்கும். அதன்பிறகு வியர்வைக்கு வாசல் திறந்த மாதிரிதான்.

இப்படி இருப்பதற்கு எளிய ஒரு காரணம் உண்டு. தன் பெயரைப் போட்டு விற்பவருக்குப் பொருள் கெட்டால் கேள்வி வரும். போலியில் இருக்கும் பெயர் இன்னொருவருடையது. செய்தவரைக் கேட்க ஆளில்லை. அதனால் செலவெல்லாம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் போகிறது. டயல் அச்சு, பெட்டி, பளபளப்பு. ஓடுவதற்குத் தேவையான எண்ணெய், வாஷர், மரை ஆகியவை கடைசியில்தான். பல போலிகளில் மெஷினுக்குள் எண்ணெய் காய்ந்தோ ஒரே இடத்தில் வழிந்தோ கிடக்கும்.

குரோனோகிராப், அதாவது ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள மாடல்களில் ஏமாற்று இன்னும் வெளிப்படை. உண்மையான மெக்கானிக்கல் குரோனோகிராபில் நடுவில் உள்ள நீள முள் 12-இல் அசையாமல் நிற்கும். மேல் பட்டனை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், கீழ்ப் பட்டனில் 12-க்குத் திரும்பும். மலிவு ஆட்டோமேட்டிக் போலியில் நடு முள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அது வெறும் விநாடி முள். மூன்று சின்ன வட்டங்கள் கிழமை, மாதம், 24 மணி என்று எதையோ காட்டும். பட்டனை அழுத்தினால் கிழமை ஒன்று நகரும். 1,500 ரூபாய் செல் வாட்சில் அந்த வட்டத்து முட்கள் டயலில் ஒட்டியவை, எதுவும் அசையாது. கடையிலேயே பட்டனை அழுத்திப் பார்க்க அரை நிமிடம் போதும்.

தங்க முலாம் பற்றி ஒரு வார்த்தை. பழைய சுவிஸ் வாட்சுகளில் 10 மைக்ரான், 20 மைக்ரான் என்று பின்மூடியில் பொறித்திருக்கும். இன்றைய போலிகளில் ஒரு மைக்ரானுக்கும் கீழே, சாயம் காட்டும் அளவுக்குத்தான். மணிக்கட்டு உரசும் செயின் உள்பக்கமும் கொக்கியும் முதலில் வெளுக்கும். அடியில் பித்தளையோ நிக்கலோ தலைகாட்டும். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அரிப்பும் கொப்புளமும் வரும். தோல் சிவந்தால் களிம்பு தடவிக்கொண்டு அதையே கட்டாதீர்கள், கழற்றி வையுங்கள்.

டயலில் '300 மீட்டர்' என்று எழுதியிருப்பதை அச்சு மை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சோதிக்கும் வழி ஒன்று உண்டு. வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை மெதுவாகச் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். உட்பக்கம் பனி பூத்திருந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

இனி அந்த 55,000 ரூபாய் சரக்கு. இதில் சபையர் கண்ணாடி உண்மையாக இருக்கலாம், ஸ்டீலும் நல்லதாக இருக்கலாம். மெஷினையே அச்சு அசலாக நகலெடுத்தவையும் உண்டு. சிலவற்றில் 2824 என்ற சுவிஸ் மெஷினின் நகலின் மேல் அலங்காரத் தகடு பொருத்தி, அசல் ரோலக்ஸ் மெஷின்போலத் தெரியச் சக்கரத்துக்குச் சிவப்புச் சாயம் பூசியிருப்பார்கள். பேலன்ஸ் (முன்னும் பின்னும் ஆடி வேகத்தைத் தீர்மானிக்கும் சக்கரம்) பக்கத்தில் வேகம் கூட்டிக் குறைக்கும் சிறு கை இருந்தால் அது ரோலக்ஸ் 3235 அல்ல. அசல் 3235-இல் பேலன்ஸ் சக்கரத்தின் உட்புறம் உள்ள சின்னத் தங்கத் திருகுகளைத் திருப்பித்தான் வேகத்தைச் சரிசெய்வார்கள். பிரச்சினை தொடங்குவது வாங்கிய பிறகு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் எடுக்க மாட்டார்கள். வெளியில் உதிரிபாகம் கிடைக்காது. அசல் பாகம் பொருந்தும் என்ற உறுதியும் இல்லை. ஒரு சக்கரம் உடைந்தால் முழு மெஷினையும் வரவழைக்க வேண்டும். விற்கப் போனால் நேர்மையான விலை என்று ஒன்று இல்லை. அசல் என்று பொய் சொன்னால்தான் காசு, அதுவோ ஏமாற்றுக் குற்றம்.

அதே காசுக்கு வேறென்ன கிடைக்கும் என்பதைத்தான் வாங்கும் முன் யோசிக்க வேண்டும். 2,000 ரூபாய்க்குள் கேசியோ எஃப்-91டபிள்யூ வரும். 1989 முதல் ஒரே வடிவத்தில் வருகிறது, ஒரு செல்லில் பல வருடம் ஓடும். 5,000-க்குள் ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டைட்டனின் செல் வாட்ச், பில்லோடும் வாரண்டியோடும். சாவி கொடுக்கும் வாட்ச் ஆசையென்றால் 17 ஜூவல் எச்எம்டி ஜனதா. ஆனால் பழையது வாங்கும்போது டயல் புதிதாக அச்சடித்ததா என்று பாருங்கள், எழுத்து தடித்தும் வண்ணம் கண்ணைப் பறித்தும் இருந்தால் சந்தேகப்படுங்கள். 20,000 பக்கம் போக முடிந்தால் சிட்டிசன் ஆட்டோமேட்டிக். அந்த 2813 எதைப் பார்த்துச் செய்யப்பட்டதோ, அந்தக் குடும்பத்து மெஷினே ஒழுங்காகப் பொருத்தி வரும்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சட்டப்படி இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். போலியில் 12,999 அடித்து 2,499 போட்டிருக்கும், இறக்குமதியாளர் பெயர் இருக்காது. வர்த்தக முத்திரைச் சட்டம் 1999-இன் 103, 104 பிரிவுகளின்படி போலி முத்திரை போடுவதும் அப்படிப்பட்ட பொருளை விற்பதும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஸ்டேட்டஸில் போட்டு ரீசெல்லிங் செய்யும் கல்லூரிப் பிள்ளைகளும் இதற்குள் வருவார்கள். கமிஷன் 200 ரூபாய்க்காக இதில் இறங்க வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: செல் வாட்சாக இருந்தால் உள்ளே இருக்கும் ஆல்கலைன் செல்லை முதலில் மாற்றுங்கள். எல்ஆர்626 என்று எழுதியிருந்தால் எஸ்ஆர்626 சில்வர் ஆக்சைடு போடச் சொல்லுங்கள்; ஆல்கலைன் செல் தீர்ந்தபின் கசிந்து சர்க்யூட்டைத் தின்றுவிடும். ஆட்டோமேட்டிக்காக இருந்தால் சர்வீஸுக்கு 1,500 கொடுக்காதீர்கள், நின்றால் மெஷினையே மாற்றுவது மலிவு. கை கழுவும்போது கழற்றிவிடுங்கள். யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் போலி என்று சொல்லியே கொடுங்கள்.