தொப்பூர் இறக்கத்தில் பிரேக் எங்கே போகிறது?

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் தேசிய நெடுஞ்சாலை 44, தொப்பூரில் மலையிறங்குகிறது. அங்கே லோடு லாரி ஒன்று முன்னால் போன வண்டிகளை இடித்துத் தள்ளியதாகச் செய்தி வரும்போதெல்லாம் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்ற வரியும் கூடவே வருகிறது. வாசகர் ஒருவர் கேட்கிறார்: எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சோதனை) முடித்து மாதம்கூட ஆகாத வண்டியில் பிரேக் எப்படிப் போகும்? இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்கிறார்களே, அது சரியா? கேட்பது இரண்டு கேள்வி என்றாலும் விடை ஒன்றுதான்.

முதலில் ஏர் பிரேக். என்ஜினோடு ஓடும் கம்ப்ரசர், காற்றைத் தொட்டிகளில் சுமார் 8 பார் அழுத்தத்தில் நிரப்பி வைக்கிறது. மிதியை அழுத்தினால் அந்தக் காற்று சக்கரத்தருகே உள்ள பிரேக் சேம்பருக்குள் போய் ரப்பர் டயாஃப்ரத்தைத் தள்ளும். 30 சதுர அங்குல டயாஃப்ரம், 7 பார் அழுத்தம் என்றால் கிட்டத்தட்ட 1,400 கிலோ எடையின் விசை. அது புஷ் ராடைத் தள்ளும். புஷ் ராடு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்பும். நெம்புகோலோடு ‘எஸ்’ வடிவ கேம் சுழன்று பிறை வடிவ ஷூக்கள் இரண்டையும் அகட்டி, சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்சுவரில் அழுத்தும்.

காற்று இறங்கிவிட்டால் வண்டி நிற்காமல் ஓடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பின்சக்கரங்களில் நடப்பது நேர்மாறு. அங்குள்ள சேம்பரின் பின்பாதியில் கனத்த சுருள்வில் ஒன்றைக் காற்றழுத்தம்தான் சுருக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. காற்று போனால் வில் விரிந்து பிரேக்கைப் பிடித்துவிடும். ஹேண்ட் பிரேக்கும் இதே வில்தான். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870-களில் ரயிலுக்குச் செய்த பிரேக்கிலும் இந்த யோசனை இருந்தது: குழாய் அறுந்தால் வண்டி நிற்க வேண்டும், ஓடக் கூடாது. (அந்த வில்லைப் போல்ட் போட்டுச் சுருக்கிக் கட்டாமல் சேம்பரைப் பிரித்தால் மெக்கானிக்கின் உயிருக்கே ஆபத்து.) ஆக, மலையிறக்கத்தில் லாரியைக் கைவிடுவது பெரும்பாலும் காற்று அல்ல, வெப்பம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டாரஸ் என்று நாம் அழைக்கும் பத்துச் சக்கர லாரி, லோடோடு 28 டன். 100 மீட்டருக்கு 4 மீட்டர் இறங்கும் சரிவில் மணிக்கு 40 கிலோமீட்டரில் வேகம் கூடாமல் போக வேண்டும் என்றால், நொடிக்கு நொடி சுமார் 120 கிலோவாட் ஆற்றலை எங்காவது தொலைத்தாக வேண்டும். டயர் உராய்வும் எதிர்க்காற்றும் 25 கிலோவாட்டை எடுத்துக்கொள்ளும். கியரில் இல்லாத வண்டியில் மீதி 95-ம் ஆறு டிரம்கள் தலையில்தான். ஒரு டிரம்முக்கு 16 கிலோவாட்; ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி பதினாறை ஒரே டிரம்முக்குள் போட்டு எரிப்பதற்குச் சமம். 50 கிலோ வார்ப்பிரும்பு டிரம், வீசும் காற்று ஆற்றாவிட்டால், நான்கு நிமிடத்தில் 150 டிகிரி ஏறும். இறக்கம் 6 கிலோமீட்டர் நீண்டால் ஒன்பது நிமிடம். காற்று ஆற்றியது போகவும் உத்தேசமாக 300 டிகிரியை நெருங்கும்.

இந்தச் சூட்டில், ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனரைப் பிணைக்கும் பிசின் சிதைந்து வாயு கக்கும், பரப்பு கண்ணாடிபோல் மெருகேறும், உராய்வு குறையும். இது பலரும் அறிந்தது. அதைவிட நுட்பமானது, டிரம் விரிவது. 410 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் 270 டிகிரி சூடேறினால் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெருக்கிறது. எங்கே பெருக்கிறது என்பதுதான் விஷயம். ஷூ உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது; டிரம்மும் வெளிப்பக்கமே விரிந்து அதைவிட்டு விலகிப் போகிறது. டிஸ்க் பிரேக்கில் தட்டு தடித்து பேடை நோக்கி வரும்; டிரம்மோ துரத்தத் துரத்த ஓடும். ஷூ கடக்க வேண்டிய தூரம் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் கேமும் நெம்புகோலும் விசையைப் பெருக்கியதற்கு விலையாகத் தூரத்தையும் பெருக்குகின்றன. புஷ் ராடு சுமார் 10 மில்லிமீட்டர் கூடுதலாக நீள வேண்டும்.

30 சதுர அங்குலச் சேம்பரின் புஷ் ராடு அதிகபட்சம் 64 மில்லிமீட்டர்தான் நீளும். கடைசிப் பகுதியில் டயாஃப்ரத்தின் தள்ளுவிசை சரசரவென்று குறைந்துவிடும். ஆகவே 51 மில்லிமீட்டரைத் தாண்டினால் அட்ஜஸ்ட்மென்ட் போய்விட்டது என்று வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் 48-ல் பிடிக்கும் பிரேக், சமதரையில் நன்றாகத்தான் நிற்கும்; சோதனையிலும் தேறும். சூடேறியதும் அதே பிரேக் 58-ல் நின்று திணறும். வாசகரின் முதல் கேள்விக்கு விடை இந்தப் பத்து மில்லிமீட்டர்தான். கொடுமை என்னவென்றால், டிரைவரின் காலுக்கு எதுவும் தெரியாது. காரில் பிரேக் கோளாறு என்றால் பல நேரம் மிதி தொளதொளத்துச் சொல்லிவிடும். ஏர் பிரேக்கில் கால் அழுத்துவது ஒரு வால்வை மட்டுமே. முதல் வளைவில் இருந்த அழுத்தமேதான் கடைசி வளைவிலும் இருக்கும், வண்டி நிற்காதபோதும்.

அப்படியானால் அந்த 95 கிலோவாட்டை வேறு எங்கே செலுத்துவது? என்ஜினுக்குள். கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால், சக்கரங்கள் என்ஜினைச் சுற்றுகின்றன. எக்ஸாஸ்ட் பிரேக் புகைக்குழாயின் வால்வை மூடியதும், என்ஜின் காற்றை அமுக்கும் பம்பாக மாறி வண்டியைப் பிடித்திழுக்கும். சுற்று கூடக் கூட இழுப்பும் கூடும் என்பதால் சின்ன கியர் வேண்டும். நியூட்ரல் போட்ட அந்த நொடியில் இந்த உதவி முழுவதும் அறுந்துபோகிறது. 70 கிலோமீட்டர் வேகம் எடுத்தபின் பதறிக் கியர் போட முயன்றாலும், ஐட்லிங்கில் சுற்றும் என்ஜினும் பறக்கும் சக்கரமும் ஒத்துவராமல் கியர் விழாது.

இனி டீசல் மிச்சம். டீசல் பீய்ச்சலை மின்னணுக் கருவி கட்டுப்படுத்தும் இன்றைய ‘காமன் ரெயில்’ என்ஜினில், கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜெக்டர்கள் டீசலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரமே என்ஜினைச் சுற்றுவதால் தேவையில்லை. நியூட்ரலில் என்ஜின் அணையாமலிருக்க மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் எரிய வேண்டும். ஒன்பது நிமிட இறக்கத்துக்குக் கால் லிட்டர். மிச்சம் என்று நம்பிச் செய்வது உண்மையில் செலவு. லேசான சரிவில் நியூட்ரலில் வண்டி சற்றுத் தூரம் அதிகம் உருளும். மலையிறக்கத்தில் அந்த வேகத்தை எப்படியும் பிரேக் அடித்துத்தான் கொல்கிறோம். என்ஜினையே அணைத்துவிட்டால் கம்ப்ரசரும் பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்து போகும்.

சரியாக இறங்குவது இப்படி: சரிவு தொடங்குமுன்பே கியரைக் குறைத்து எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட வேண்டும். வேகம் 40-ஐத் தொட்டால் நன்றாக அழுத்தி 32-க்குக் கொண்டுவந்து, காலை முழுக்க எடுத்துவிட வேண்டும். மறுபடி 40 வந்தால் மறுபடி அழுத்து. இலேசாக மிதித்தபடியே இறங்கினால் நன்றாக அட்ஜஸ்ட் ஆன ஒன்றிரண்டு டிரம்களே எல்லா வேலையையும் சுமந்து வெந்துபோகும்.

கம்பெனி செய்ய வேண்டியதற்கு ஒரு சாக்பீஸும் அளவுகோலும் போதும். சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, புஷ் ராடில் சேம்பர் வாயருகே கோடு கிழித்து, ஒருவர் 6 பாரில் மிதியை அழுத்த, மற்றவர் கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க வேண்டும். இருபது நிமிட வேலை. என்ஜினை நிறுத்தி மிதியை அழுத்திப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் அழுத்தம் 0.2 பாருக்கு மேல் இறங்கக் கூடாது. தினமும் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரையும் எண்ணெயையும் வடிக்க வேண்டும்.

இவற்றைவிட முக்கியம் கணக்கு நோட்டு. டீசல் மிச்சத்தைக் கையில் காசாகக் கொடுக்கும் கம்பெனி, நியூட்ரலுக்குப் பரிசு கொடுக்கிறது. மைலேஜ் பணத்தை மலைப்பாதைக்கு நிறுத்திவிட்டு, இறக்கத்தில் வேகம் மீறாததற்கு ஜி.பி.எஸ். பார்த்துக் கொடுக்கலாம். நேரமும் அப்படியே. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், 5 மணி நேரத்துக்குப் பின் அரைமணி ஓய்வு என்று வகுத்தது. விடிவதற்குள் லோடு இறங்க வேண்டும் என்று போன் அடிக்கும் கம்பெனி அதை நடுச்சாமத்தில் உடைக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் சொருகினால் 67 மீட்டர் போயிருக்கும். டீ குடித்து உடனே கிளம்புவதைவிட, குடித்துவிட்டு இருபது நிமிடம் கண்ணயர்ந்து கிளம்புவது மேல். டீயின் வேலை தொடங்கவே அவ்வளவு நேரமாகும்.

சில இடங்களில் மட்டும் அடிக்கடி வண்டி கவிழ்வதைக் காத்து கருப்பின் வேலை என்று சொல்வோர் உண்டு. மேலிருந்து சேர்ந்து வரும் வெப்பம் உச்சம் தொடுவது இறக்கத்தின் அடிப்பகுதியில். அதனால்தான் அதே வளைவு, மீண்டும் மீண்டும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குனிந்த கையோடு புஷ் ராடையும் அளந்துவிட வேண்டும். இறக்கத்தின் நடுவில் டிரம் சூட்டைத் தொலைவிலிருந்தே அளக்கும் அகச்சிவப்புக் கருவியை வைத்து, கொதிக்கும் வண்டியை ஓரங்கட்டலாம். சேலம், நாமக்கல் பொறியியல் கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய ஆய்வு இது. அரசு இதற்குக் காசு ஒதுக்க வேண்டும்.

லைனர் தீயும் வாடை வந்துவிட்டால் தயங்காமல் ஓரங்கட்ட வேண்டும். நின்றபின் வேலை முடிந்ததில்லை. ஓட்டத்தில் கிடைத்த காற்று நின்றுபோவதால் டிரம்மின் சூடு ஹப் கிரீஸுக்கும் டயருக்கும் பரவி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால், ஆறிச் சுருங்கும் டிரம் ஷூவை இறுக்கிக்கொண்டு கோணலாகும். சமதரையாகப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்கு இருபக்கமும் கட்டை போட்டு, தீயணைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு, டிரம்மருகே புறங்கை நீட்டினால் அனல் அடிக்காத வரை காத்திருக்க வேண்டும்.